வாடா என்றொரு சொல்

லக்சாயினியின் தம்பி நிதுசன் கடலில் காணாமல் போய்ப் பதினாலு மாதங்கள் கழித்துத்தான் நாற்பத்தோராவது கசற் எங்களுக்கு வந்தது. அதுவரைக்கும் எங்கள் வேலையில் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. சொற்களைத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு என்ன பயம்?

உட்துறைமுக வீதியில், கப்பல்களுக்குக் கயிறும் பெயின்ற்றும் விற்கிற கடையொன்றின் மேல்மாடியில் எங்களுக்கு ஓர் அறை. இரண்டு மேசை, இரண்டு கதிரை, பூட்டு உடைந்த ஓர் அலுமாரி. யன்னலைத் திறந்தால் கோதுமை இறக்கக் காத்து நிற்கும் கப்பல்கள் தெரியும். நான் கிண்ணியாக்காரி, பெயர் றிஷானா. டொக்டராகும் நினைப்பில் ரஷ்யாவின் தெற்கு மூலையிலுள்ள விளாடிகவ்காஸுக்குப் போய், மூன்றாம் வருடம் வாப்பா மௌத்தானதும் திரும்பி வந்தவள். மருத்துவம் என்னோடு வரவில்லை. ரஷ்ய மொழி வந்தது. நான் தங்கியிருந்த வீட்டுக்காரி ஒசேத்தியப் பெண் என்பதால் அவளுடைய மொழியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் கொஞ்சத்தால்தான் இந்த வேலை கிடைத்தது. வடக்கு ஐரோப்பாவில் ஒரு பேராசிரியை இருந்தார். முப்பது வருடமாக ஒரு கோடை காக்கேசிய மலைகளில் ஒசேத்தியரிடமும், அடுத்த கோடை ஆர்க்டிக் ஓரத்தில் மான் மேய்க்கும் நெனெத்ஸ் முதலான சமோயெத் மக்களிடமும் போய்ச் சொல் சேர்த்தவர். ஒசேத்தியம் ஈரானியக் குடும்பத்து மொழி. சமோயெத் மொழிகளுக்கும் அதற்கும் இரத்த உறவு எதுவும் இல்லை. ஆனாலும் பழங்காலத்தில் புல்வெளிகளில் குதிரையில் திரிந்தவர்களின் சொற்கள் சில கைமாறிக் கைமாறிப் பனிநாடு வரைக்கும் போயிருக்கின்றன என்று அவர் நம்பினார். அவர் இறந்தபோது பதினோராயிரம் சீட்டுகளும் அறுபத்து நாலு கசற்றுகளும் மிஞ்சின. அவருடைய மாணவி ஒருத்தியை விளாடிகவ்காஸில் எனக்குத் தெரியும். அவள்தான் சீட்டுகளைப் படமெடுத்து, கசற்றுகளின் ஒலியைக் கோப்பாக்கி இங்கே அனுப்பினாள். நான் சீட்டுகளை வாசித்துத் தட்டச்சு செய்வேன். லக்சாயினி ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒலியைச் சொல் சொல்லாக வெட்டி, எந்த நிமிடத்தில் எந்தச் சொல் வருகிறதென்று குறிப்பாள்.

ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல், அதன் பொருள், அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு. அடியில் எடுத்துக்காட்டாக ஒரு வசனம். அது பேராசிரியை இட்டுக்கட்டியது அல்ல, சொல்லைத் தந்தவரே வாயால் சொன்னது.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒசேத்தியத்தில் பாலத்துக்கு ‘ஹீத்’ என்பார்கள். வடமொழிச் ‘சேது’வும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஸகரம் அங்கே ஹகரமாகிவிட்டது என்று சீட்டில் கண்ட அன்று பின்னேரம், கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நெனெத்ஸில் பாணுக்கு ‘ந்யான்’. கோதுமையே விளையாத நிலத்துக்கு அந்தச் சொல் ஈரானியரிடமிருந்து இன்னொரு மொழி வழியாக நடந்து போயிருக்கிறது. எங்கள் கடைகளில் விற்கிற நாண் ரொட்டியின் நாண்தான் அது. சமோயெத் மொழிகளுக்குள்ளேயே தண்ணீரை ஒருவர் ‘யி’ என்பார், அடுத்தவர் ‘பி’ என்பார், தெற்கே இருப்பவர் ‘ஊத்’ என்பார். ஊத்து என்றால் எங்களுக்கும் தண்ணீர்தானே என்று லக்சாயினி கேட்டாள். பேராசிரியை சில சீட்டுகளின் மூலையில் சிவப்பு மையால் எழுதியிருந்ததை நான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்: ‘ஒலி ஒத்திருப்பது உறவு ஆகாது.’

லக்சாயினிக்கு இருபத்தாறு வயது. சாம்பல்தீவைத் தாண்டிச் சல்லியில் கரையோரம் அவர்களுடைய வீடு. தகப்பன் யோகலிங்கம் கடற்றொழிலாளி. தம்பி நிதுசன் ஒரு மார்கழி விடியலில் தனியே படகெடுத்துப் போனான். மூன்றாம் நாள் இறக்கக்கண்டிப் பக்கமாகப் படகு மட்டும் கண்டெடுக்கப்பட்டது. எஞ்சின் மேலே தூக்கிவைத்தபடி இருந்தது, வலை நனையவே இல்லை. உடம்பு கிடைக்கவில்லை. செத்தவனுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிட வேண்டும் என்றார் தகப்பன். தாய் வள்ளியம்மா சம்மதிக்கவில்லை. நிதுசன் வழமையாகக் கரை சேர்வது உச்சிப்பொழுதில். அந்த நேரம் பார்த்து அவர் ஒவ்வொரு நாளும் கரைக்குப் போய்க் கடலைப் பார்த்துக் கூப்பிடுவார். இதையெல்லாம் லக்சாயினி ஒரே தடவையில் சொன்னவள் அல்ல. ஒரு வருடமாக, சாப்பாட்டுப் பெட்டி திறக்கிற நேரங்களில், துண்டு துண்டாகச் சொன்னது.

நாற்பத்தோராவது கசற் ஒரு நெனெத்ஸ் கிழவியுடையது. ஆற்று முகத்துவாரத்தில் அவளுடைய கோடைக் கூடாரத்தில் பதிவு செய்தது. செவ்வாய்க்கிழமை காலை லக்சாயினி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கிழவி யாரையோ வாடா வாடா என்று கூப்பிடுகிறாள் என்றாள்.

நான் ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். அந்த ஒலி எங்கள் ‘டா’ அல்ல, நாக்கு பல்லில் படுகிற ஒலி. ஆனால் பழைய கசற்றின் இரைச்சலில், கிழவி இழுத்துச் சொன்ன விதத்தில், எனக்கும் முதலில் அப்படித்தான் கேட்டது. சீட்டைத் தேடி எடுத்தேன். நெனெத்ஸில் அதற்குப் பொருள் ‘சொல்’. பேச்சு, செய்தி என்றும் சொல்லலாம். பேராசிரியை சொல்லுக்கு என்ன சொல் என்று கேட்டிருக்கிறார், கிழவி பதில் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான் என்று லக்சாயினிக்கு விளக்கினேன்.

“அதை ஏன் பதினொரு தரம் சொல்லவேணும் அக்கா?” என்று அவள் கேட்டாள். “கூப்பிடுற மாதிரி ஏன் சொல்லவேணும்?”

சீட்டின் அடியில் வசனம் இருந்தது: ‘என் சொல்லைத் தண்ணீருக்கு மேலே அனுப்பினேன்.’ அதற்கும் கீழே பேராசிரியையின் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. ‘பதினாலாம் நிமிடத்தில் ஓர் ஆண்குரல் பதிவாகியிருக்கிறது. கூடாரத்தில் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும். அடுத்த கூடாரம் ஒரு நாள் தூரம். யாரென்று கேட்டேன். எழுதாதே என்றாள்.’

பதினாலாம் நிமிடத்தை நான் மூன்று முறை கேட்டேன். கிழவியின் பதினோராவது ‘வாதா’வுக்குப் பிறகு காற்று இரைந்தது. அதற்குள் ஏதோ இருந்தது. தொண்டையைக் கனைப்பது போல ஒன்று. மனிதக் குரல் என்று சத்தியம் பண்ண என்னால் ஏலாது. லக்சாயினி ஒரு முறைதான் கேட்டாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவன் ‘ஓம், வந்தனான்’ என்று சொல்கிறான் என்றாள்.

எங்கள் ஒப்பந்தப்படி ஒலிக்கோப்புகள் அறையை விட்டு வெளியே போகக்கூடாது. லக்சாயினி அந்தத் துண்டைத் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு போனது எனக்குப் பிறகுதான் தெரியும். அடுத்த நாள் பௌர்ணமி, போயா விடுமுறை. மதியம் அவள் வீட்டில் தன் அறைக்குள் இருந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோது வள்ளியம்மா வாசலில் வந்து நின்றார். கடைசிவரை நின்று கேட்டார். பிறகு தலையில் துணியைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போனார். போனவர் திரும்பி வந்து புருசனிடம், நிதுசன் இன்றைக்கு மறுமொழி சொன்னான் என்றார்.

அதன் பிறகு லக்சாயினி அலுவலகத்தில் அதிகம் கதைக்கவில்லை. நான் அதே கிழவியின் மற்றச் சீட்டுகளைத் தட்டச்சு செய்தேன். இலக்க ஒழுங்கில் போகப் போக, அடியிலிருந்த வசனங்கள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கின. ‘யாஹா’ என்றால் ஆறு. வசனம்: ‘பனிக்கட்டி உடைந்து என் மகன் ஆற்றுக்குள் போனான்.’ ‘ஹால்மெர்’ என்றால் இறந்தவர். ‘ஹால்மெரைக் கூடாரத்தின் வாசலால் கொண்டுபோகக் கூடாது, பக்கத்தைத் திறந்துதான் கொண்டுபோக வேண்டும். என் மகனை நாங்கள் எதனாலும் கொண்டுபோகவில்லை.’ ‘ந்யும்’ என்றால் பெயர். ஒசேத்தியத்தில் பெயருக்கு ‘நோம்’, வடமொழியில் நாமம். இந்த ஒற்றுமை தற்செயலோ மிகப் பழைய உறவோ, முடிவு சொல்ல ஏலாது என்று பேராசிரியை எழுதியிருந்தார். வசனம்: ‘இறந்தவனின் பெயரைச் சொன்னால் அவன் திரும்பிப் பார்ப்பான். நான் சொன்னேன்.’

சனிக்கிழமை வேலை முடிகிற நேரம் லக்சாயினி என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நாளைக்கு வீட்டுக்கு வரச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். ஐயா மணலில் தடி நட்டு வைத்திருக்கிறார், அதை வந்து பாருங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டியில் சல்லிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போலப் படுத்திருந்தது. யோகலிங்கம் ஐயா ஒல்லியான மனிதர், கதைக்கும்போது ஆளின் முகத்தைப் பாராமல் கடலைப் பார்ப்பவர். அவர் என்னை வேலிக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். தண்ணீரின் விளிம்பில் ஒரு தடி. அதிலிருந்து வீட்டுப் பக்கமாக கொஞ்சத் தூரம் தள்ளி இன்னொன்று, இன்னும் அவ்வளவு தள்ளி மூன்றாவது, நாலாவது. நாலாவது தடியின் காலடியில், ஈரமே படாத வெள்ளை மணலில், இரண்டு பாதத் தடங்கள் இருந்தன. ஒரு சோடிதான். வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. யாரோ மேலிருந்து இறக்கிவைத்தது போல வீட்டைப் பார்த்தபடி இருந்தன. அவற்றுக்குள் தண்ணீர் நின்றது. சுற்றியிருந்த மணல் வெயிலில் கொதித்தது, அந்தத் தண்ணீர் வற்றவில்லை.

புதன்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளும் மனுசி கூப்பிட்டு முடிந்த பிறகு இப்படி ஒரு சோடி புதிதாக வருகிறது, பழையது அழிந்துபோகிறது, அழிய முன்னர் தான் தடி நட்டு வைப்பதாக அவர் சொன்னார். நான்காம் தடி நேற்றையது. இடத்தைக் குறித்து வைப்பது அவருக்குக் கடலில் பழகின பழக்கம். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அது நிதுசனுடைய கால்தானா என்று நான் கேட்டேன்.

“இடது கால் சின்னவிரலைத் திருக்கை வெட்டினது,” என்றார். “நீங்களே பாருங்கோ பிள்ளை.”

நான் குனிந்து பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே விரல்களை எண்ண முடிந்தது. வாய்க்குள் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வள்ளியம்மா வந்தார். என்னைக் கண்டு தலையசைத்தார், சாப்பிட்டீர்களா பிள்ளை என்று கேட்டார், பிறகு நேரே தண்ணீருக்குள் இறங்கினார். அவருடைய இடுப்பில் வலைக்கயிறு கட்டியிருந்தது. மற்ற நுனி யோகலிங்கம் ஐயாவின் கையில். முதல் நாள் கணுக்கால் தண்ணீரில் நின்றாள், அடுத்த நாள் முழங்கால், நேற்றுத் தொடை. அதனால்தான் கட்டினேன் என்று அவர் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். அன்றைக்கு வள்ளியம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றுதான் கூப்பிட்டார். “வாடா... வாடா மோனே...” அந்த இழுப்பை நான் கேட்டிருக்கிறேன். கசற்றில் கேட்ட அதே இழுப்பு. பதினொரு தரம் கூப்பிட்டார். எனக்கு எந்தப் பதிலும் கேட்கவில்லை. ஆனால் பதினோராம் தரத்துக்குப் பிறகு வள்ளியம்மா கடலைப் பார்த்துச் சிரித்தார்.

நாங்கள் திரும்பியபோது ஐந்தாவது சோடித் தடங்கள் வேலியோரம் இருந்தன. அங்கிருந்து குசினி வாசலுக்குப் பத்து அடி இருக்காது.

நான் வீட்டுக்குப் போகாமல் ஸ்கூட்டியை நேரே துறைமுகப் பக்கம் விட்டு, அலுவலகத்தைத் திறந்து கிழவியின் மிச்சச் சீட்டுகளை வாசித்தேன். ‘யி’, தண்ணீர் என்ற சீட்டைப் பொருளும் மூலமும் தெரிந்த சொல்தானே என்று கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். அதன் அடியில் இருந்த வசனம் இதுதான்: ‘அவன் ஒவ்வொரு நாளும் ஓர் அடி மேலே வருகிறான், நான் ஒவ்வொரு நாளும் ஓர் அடி கீழே போகிறேன்.’ அதற்குக் கீழே வேறு மையில், வேறு வருடத்தில் எழுதியது: ‘சொன்னவர் அடுத்த ஆகஸ்டில் ஆற்றில் இறங்கிப் போனார். கூடாரத்துக்குள் ஈரக் கால்தடம் இருந்ததாக அயலவர் சொல்கிறார்கள். நான் இதை ஆராய்ச்சிக்குறிப்பாக எழுதவில்லை.’

அந்தக் கிழவிக்கு யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் என்ற நினைப்புத்தான் திரும்பத் திரும்ப வந்தது. எங்களுடைய ஆட்கள் மௌத்தைக் கேட்டால் அல்லாஹ்விடமே மீளுகிறோம் என்பார்கள். அது உயிரோடு இருப்பவர் தனக்குச் சொல்லிக்கொள்வது. இறந்தவருக்கு நேரே ஒரு சொல் சொல்வதை நான் ஒரேயொரு இடத்தில்தான் கேட்டிருக்கிறேன். விளாடிகவ்காஸில் வீட்டுக்காரியின் புருசன் செத்த நாற்பதாம் நாள், வந்தவர்கள் எல்லோரும் படத்துக்கு முன்னால் நின்று ‘ருஹ்ஸாக் ஊ’ என்றார்கள். ஒசேத்தியச் சீட்டுகளில் அதைத் தேடினேன். ‘ருஹ்ஸ்’ என்றால் வெளிச்சம். பாரசீகத்தின் ரோஷன் அதன் உறவு, வடமொழியில் ஒளியையும் சுவையையும் குறிக்கிற ருசியும் உறவு. நாங்கள் நாக்கில் வைத்திருக்கிற அதே ருசி. ‘ருஹ்ஸாக் ஊ’ என்றால் வெளிச்சத்தில் இரு. வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை.

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் வேலைக்குப் போகவில்லை. லக்சாயினி என்னை நிலாவெளி வீதிச் சந்தியில் வந்து சந்தித்தாள். ஸ்கூட்டியின் பின்னால் அவளை ஏற்றிக்கொண்டு, நான் வாசித்ததையெல்லாம் வழியில் சொன்னேன். சாம்பல்தீவுப் பாலம் தாண்டிய பிறகு, அந்த மொழியில் வாடா என்றால் சொல் என்றுதானே அக்கா பொருள் என்று ஒருமுறை மட்டும் கேட்டாள். ஓம் என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வள்ளியம்மா ஏற்கெனவே கடலுக்குள் நின்றார். நெஞ்சளவு தண்ணீர். யோகலிங்கம் ஐயா கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குதிகாலை மணலில் ஊன்றியிருந்தார். ஆறு தரம் கூப்பிட்டு முடிந்தது என்றார். நான் போய்க் கயிற்றின் மிச்சத்தைப் பிடித்தேன். லக்சாயினி செருப்பையும் கழற்றாமல் தண்ணீருக்குள் நடந்தாள். காற்றில்லாத கடலில் குரல் நன்றாகக் கரைக்குக் கேட்கும். அவள் தாயின் தோளைப் பிடித்து, அவன் இருக்கிற இடத்தில் வாடா என்பது வா என்று கேட்கவில்லையாம் என்றாள். சொல் என்றுதான் கேட்கிறதாம். நீங்கள் இத்தனை நாளும் அவனைப் பார்த்துச் சொல், சொல் என்றுதான் கத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. நெனெத்ஸ் மொழிக்கும் சல்லிக் கடலுக்கும் என்ன தொடர்பு? பேராசிரியை கேட்டிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பார். ஆனால் வள்ளியம்மா திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தார். பதினாலு மாதங்களில் அவர் உச்சிப்பொழுதில் கடலை விட்டு முகம் திருப்பியது அதுதான் முதல் தரம் என்று பிறகு யோகலிங்கம் ஐயா சொன்னார்.

“அப்ப அவன் ஒரு சொல்லுக்காகவோ நிக்கிறான்?” என்று வள்ளியம்மா கேட்டார்.

லக்சாயினி தாயை இன்னும் நெருங்கி நின்றாள்.

“அண்டைக்கு விடிய நான் அவனோட கதைக்கேல்லை,” என்றார் வள்ளியம்மா. “தனியப் போகவேண்டாம் எண்டனான். கேக்கேல்லை. போயிற்று வாறன் அம்மா எண்டான். நான் அடுப்பைப் பாத்துக்கொண்டு நிண்டனான். போயிற்று வா எண்டு சொல்லேல்லை.”

என் பக்கத்தில் யோகலிங்கம் ஐயாவின் மூச்சு மாறுவது கேட்டது. அவருக்கு அது தெரியாது போலும். ஒரே வீட்டில் பதினாலு மாதங்களாக அந்த மனுசி அதை வாய்க்குள் வைத்திருந்திருக்கிறார்.

இப்போது அதைச் சொல்லிவிடுவாரோ என்று நான் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். எங்கள் நாட்டில் வாசலில் நிற்பவனைப் பார்த்து யாரும் ‘போ’ என்று சொல்வதில்லை. போயிற்று வா என்பதுதான் வழக்கம். அந்த ‘வா’ அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லக்சாயினிக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். தாயின் காதோடு காதாக ஏதோ சொன்னாள். நான் வழியில் சொன்ன அந்த ஒசேத்தியச் சொல்லைத் தமிழாக்கிச் சொல்லியிருக்கிறாள்.

வள்ளியம்மா கடலைப் பார்த்தார். கூப்பிடுகிற குரலில் அல்ல, முற்றத்தில் நிற்கிற ஒருவனுக்குச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

“வெளிச்சத்தில இரு மோனே. நான் இனிக் கூப்பிடேல்லை.”

அந்த நேரம் கயிறு இழுபட்டது. ஒரு முறைதான். வள்ளியம்மா அசையாமல் நின்றார், லக்சாயினி அவரைக் கட்டிப்பிடித்திருந்தாள், கடல் சலனமில்லாமல் கிடந்தது. கயிறு என் உள்ளங்கையை உரசிக்கொண்டு கடல் பக்கமாக ஒரு முழம் போயிற்று, பிறகு தளர்ந்தது. யோகலிங்கம் ஐயாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் மீன் விட்ட தூண்டிலைச் சுற்றுவது போல நிதானமாகக் கயிற்றைச் சுற்றி இருவரையும் கரைக்கு எடுத்தார்.

வேலியோரம் போனபோது தடங்கள் இன்னும் இருந்தன. முந்தின நாள் பார்த்த அதே இடம், அதே ஒரு சோடி, அதே நாலு விரல் இடது கால். ஆனால் குதிகால் வீட்டுப் பக்கம் இருந்தது, விரல்கள் கடலைப் பார்த்திருந்தன. உள்ளே தண்ணீர் இல்லை. நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயிலில் காய்ந்த மணல் ஓரங்களிலிருந்து சரிந்து அவற்றை மூடியது. மூடி முடிகிற வரைக்கும் ஒருவரும் நகரவில்லை.

அடுத்த கிழமை கன்னியாவில் அந்தியேட்டி செய்தார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். நான் போகவில்லை, ஆனால் முதல் நாளே வீட்டுக்குப் போய் மரக்கறி நறுக்கிக் கொடுத்தேன். உம்மாவுக்கு இந்தக் கதையில் பாதியைத்தான் சொன்னேன். அந்தப் பாதிக்கே அவ என்மீது ஓதி ஊதினா.

லக்சாயினி ஒரு மாதத்துக்குப் பிறகு வேலையை விட்டாள். கோபமெல்லாம் இல்லை. ஹெட்போனைக் காதில் வைத்தாலே யாரோ பேசத் தொடங்கப் போவது போல இருக்கிறது என்றாள். இப்போது நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் நிற்கிறாள். மதியச் சாப்பாட்டுக்கு இடைக்கிடை சந்திப்போம். நாற்பத்தோராவது கசற்றை நான்தான் வெட்டி முடித்து அனுப்பினேன். பதினாலாம் நிமிடத்துக்கு எதிரே ‘காற்று’ என்று எழுதினேன்.

கடைசியாகச் சல்லிக்குப் போனது வைகாசியில். வள்ளியம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னை ஒரு பலகையில் இருக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கசற்றுக் கிழவி என்னவானாள் என்று கேட்டார். அதுவரைக்கும் அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. ஆற்றுக்குள் போய்விட்டாள் என்றேன்.

அவர் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

“அவவுக்கு ஆரும் சொன்னவையோ?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அவளுடைய பெயர் என்ன என்று கேட்டார். சீட்டில் இருந்தது, எனக்கு ஞாபகமும் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்தார். பிறகு, வடக்கு எந்தப் பக்கம் பிள்ளை என்று கேட்டார். நான் யன்னலுக்கு வெளியே, இறக்கக்கண்டிப் பக்கமாகக் கையைக் காட்டினேன். வள்ளியம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்று, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பெயர் சொல்லாமல், கடலில் நின்று மகனுக்குச் சொன்ன அந்த இரண்டு சொல்லைச் சொன்னார்.